பளிங்கே இல்லாமல் பளிங்கு: 28 மி.மீ. பொம்மைக்கு பத்மநாபபுரம் தரை என்ன சொல்லித் தருகிறது?

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் ரயில் நெய்யாற்றின்கரை, பாறசாலை இரண்டையும் தாண்டியதும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடும். 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் இந்தப் பக்கம் வந்தன. கல்குளத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையின் நிர்வாகம் மட்டும் இன்றும் கேரள தொல்லியல் துறையிடம்தான். பாறசாலையிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரம்.

அந்த அரண்மனைத் தரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கறுப்பாக, வழவழப்பாக, ஜன்னல் வெளிச்சம் அப்படியே தெரிகிற மாதிரி இருக்கும். பாலிஷ் போட்ட கல் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அது கல் இல்லை; சுண்ணாம்புச் சாந்து.

சரி, மேசை மேல் படை திரட்டி விளையாடும் வார்கேமிங் பொம்மைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

'மின்னல் வெட்டின மாதிரி இருக்கே!'

வார்ஹாமர் போன்ற விளையாட்டுகளில் பொம்மைகள் பெயிண்ட் அடிக்காமலேயே விற்கப்படும். வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டுவது வாங்கியவர் பாடு. பலருக்கு விளையாட்டைவிட அதுதான் பிடித்த வேலை, ஆபீஸ் முடிந்த பிறகான ஒரு தியானம் மாதிரி. பொம்மை நிற்கும் வட்ட அடித்தட்டைப் பளிங்குத் தரையாக்குவது, சிலையைப் பளிங்குச் சிலையாக்குவது இதெல்லாம் எல்லோரும் ஒருமுறையாவது முயன்று பார்ப்பது. வெள்ளை அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் சாம்பல் நிறக் கோடு இழுப்பார்கள். கடைசியில் பார்த்தால் மின்னல் வெட்டியது போலவோ, அரச இலை நரம்பு போலவோ இருக்கும். பளிங்கு மட்டும் வராது.

ஏன்? பளிங்கின் அடையாளம் கோடு என்று நாம் நினைப்பதால்தான். உண்மையில் அதன் அடையாளம் ஆழம். சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடி படிகமானதுதான் பளிங்கு. அந்தப் படிகங்களுக்குள் வெளிச்சம் கொஞ்ச தூரம் புகுந்து, சிதறி, வெளியே வரும். மக்ரானா பளிங்கு மெழுகு மாதிரி மெல்ல ஒளிர்வது அதனால். நம் கண்ணில் படும் ரேகைகள் களிமண், இரும்பு ஆக்சைடு போன்ற கலப்புகள். அவற்றில் சில மேலே தெரியும், சில பாதி உள்ளே மங்கிக் கிடக்கும். மேலே மட்டும் கோடு போட்டால் கண் நம்பாது.

சுண்ணாம்பு எப்படிக் கல்லாகிறது?

இந்த ஆழத்தை மனிதர்கள் ரொம்ப நாளாகவே துரத்தியிருக்கிறார்கள். பொம்பேய் வீட்டுச் சுவர்களில் சாந்தைக் கொண்டு பளிங்குப் பலகை போலச் செய்தார்கள். இத்தாலியின் 'ஸ்காலியோலா' நிறம் கலந்த ஜிப்சம் சாந்து. நம்ம ஊரில் அதன் பெயர் சுண்ணம். ஆங்கிலேயர்கள் 'மெட்ராஸ் சுணாம்' என்று வியந்து எழுதியது இதைத்தான். எழும்பூரில் 1821-ல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் தூண்களுக்கு அந்தப் பளபளப்பைத் தந்தது அதுவே. செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் வேதியியல்தான் எனக்குப் பிடித்த பகுதி. சிப்பியையோ சுண்ணாம்புக்கல்லையோ சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் அது நீற்றுச் சுண்ணாம்பு. அதைச் சுவரில் பூசினால், வெளியேறிய அதே வாயுவைக் காற்றிலிருந்து மெதுவாகத் திரும்ப வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். ஆக, சுண்ணப் பூச்சைப் 'போலிப் பளிங்கு' என்பது கொஞ்சம் அநியாயம். இரண்டும் ஒரே சரக்கு. பூமி செய்கிற வேலையைக் கொத்தனார் வேறு வழியில் செய்கிறார், அவ்வளவுதான்.

பத்மநாபபுரம் தரையில் சுண்ணாம்போடு சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, செடிச் சாறுகள் சேர்த்ததாகக் காலங்காலமாகச் சொல்கிறார்கள். 1750-ஐ ஒட்டி அரண்மனையைப் புதுப்பித்துக் கட்டியவர் மார்த்தாண்ட வர்மா. (எதிரிகளிடமிருந்து தப்ப இவர் ஒளிந்ததாகச் சொல்லப்படும் பலாமரம் நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் இருக்கிறது.) இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. கறுப்பு மேலே அடித்த நிறமல்ல, கலவைக்குள்ளேயே இருக்கிறது. பளபளப்பு தேய்த்துத் தேய்த்து வந்தது.

பொம்மையில் இதைச் செய்வது எப்படி?

முட்டையெல்லாம் வேண்டாம், பயப்படாதீங்க. ஃபெவிக்ரில், கேம்லின் அக்ரிலிக் போதும். வேண்டியது மெல்லிய அடுக்குகளும் பொறுமையும்.

சுத்த வெள்ளையில் தொடங்காதீர்கள். சாம்பல் பிரைமர் மேல், மங்கிய வெள்ளையும் இளஞ்சாம்பலும் ஈரம் காயும் முன்பே ஸ்பாஞ்சால் ஒற்றி மேகம் போலக் கலக்கவும். அடுத்து தண்ணீரில் நன்றாகக் கரைத்த சாம்பலில் முதல் ரேகைகள். பிரஷ்ஷின் வாலைத் தளர்வாகப் பிடித்து, விரலில் உருட்டியபடி இழுத்தால் கோடு தானாக நடுங்கும். இப்போதுதான் பலர் தவறவிடும் படி: அந்த ரேகைகளின் மேலேயே பால் போலக் கரைத்த வெள்ளையை ஒரு பூச்சு பூசி, பாதி மறைத்துவிடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் பூசுங்கள். காய்ந்ததும் நாலைந்து ரேகைகளை மட்டும் கூர்மையாக மறுபடி வரையவும். உள்ளே சில, மேலே சில. ஆழம் வந்துவிடும்.

கோட்டின் தடிமனுக்கு ஒரு சின்னக் கணக்கு. 170 செ.மீ. மனிதர் 28 மி.மீ. பொம்மையானால் அளவு சுமார் 60-ல் 1 பங்கு. அரை மில்லிமீட்டர் கோடு, நிஜத்தில் 3 செ.மீ. பட்டை! நல்ல முனையுள்ள பிரஷ் ஒன்றுக்குச் செலவு செய்யலாம், தப்பில்லை.

ஈரத் துடைப்பான் துணியைக் காயவைத்து, இழை பிரிய இழுத்துப் பிடித்து, அதன் வழியே ஏர்பிரஷ் அடிக்கும் குறுக்குவழியும் உண்டு. வேகமாக முடியும். ஆனால் இருபது பொம்மைக்கும் ஒரே வலை தெரிந்தால் கடையில் வாங்கிய விட்ரிஃபைடு டைல்ஸ் மாதிரிதான் இருக்கும்.

தரையைப் பலகைகளாகப் பிரித்திருந்தால், ஒரு பலகையின் ரேகை இடுக்கைத் தாண்டி அடுத்ததுக்குப் போகக்கூடாது. திசையும் மாற வேண்டும். சிலைக்கு நேர் எதிர். செதுக்குவதற்கு முன் அது ஒரே பாறை. அதனால் ரேகை முகம், ஆடை மடிப்பு எதையும் மதிக்காமல் குறுக்கே நேராகப் போக வேண்டும். கறுப்புத் தரை என்றால் ரேகை இரண்டு மூன்று போதும், மிச்ச வேலையை வார்னிஷ் பார்த்துக்கொள்ளும். பளபள வார்னிஷ் தரைக்கு மட்டும்; மேலே நிற்கும் வீரருக்கு மேட்.

அசல் என்ன ஆகிறது?

பொம்மையில் பிசகினால் மேலே இன்னொரு பூச்சு அடித்துக்கொள்ளலாம். பழைய சுண்ணச் சுவரில் அது நடக்காது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட்டோ பிளாஸ்டிக் எமல்ஷனோ ஏறினால் ஈரம் உள்ளேயே மாட்டி, உப்பு பொரிந்து, பூச்சு செதில் செதிலாகக் கழன்றுவிடும். சேப்பாக்கம் ஹுமாயூன் மஹாலைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தபோது சுண்ணாம்புக் கலவைக்கே திரும்ப வேண்டியிருந்தது. சுண்ணாம்பு எங்கும் கிடைக்கும். அதை அரைத்து, நாள் கணக்கில் ஊறவைத்து, கையால் தேய்த்துப் பளபளப்பாக்கத் தெரிந்த கொத்தனார்கள் கிடைப்பதுதான் கஷ்டம். ஒரு நாளில் காயும் சிமென்ட்டுக்குப் பழகிய காண்ட்ராக்ட் கணக்கில் அந்த நாட்களுக்குக் கூலி போட யாரும் தயாராக இல்லை.

அடுத்த அடித்தட்டுக்கு வார்னிஷ் போடும் முன் ஒருமுறை பத்மநாபபுரம் போய் வரலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். தரையை மேலிருந்து பார்க்காமல், கொஞ்சம் குனிந்து சாய்வாகப் பாருங்கள். ஜன்னலின் பிரதிபலிப்பு கண்ணாடியில் போலக் கூர்மையாக இருக்காது, ஓரங்கள் சற்றே கலைந்திருக்கும். அந்த மங்கலுக்கு முழுப் பளபள வார்னிஷைவிட, அதில் கொஞ்சம் சாட்டின் கலந்தது பொருந்தும். திங்கட்கிழமை மட்டும் போகாதீங்க, அரண்மனைக்கு விடுமுறை.