அன்ரிபயோட்டிக்கும் சிறுநீரகமும்: தேங்காய்ப்பூக்கீரை காப்பாற்றுமா?

"ஊசி மருந்து சரியான சூடு, கிட்னியைத் தாக்கிப்போடும். தேங்காய்ப்பூக்கீரை அவிச்சுக் குடியுங்கோ." யாழ்ப்பாணத்தில் யாராவது ஆஸ்பத்திரியில் அன்ரிபயோட்டிக் ஏற்றிக்கொண்டு வந்தால், பார்க்க வரும் உறவினர்கள் சொல்லும் முதல் புத்திமதி இதுதான். நானும் அந்தக் குடிநீரைக் குடித்து வளர்ந்தவன்தான். இந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது, அந்தக் கைமருந்து எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பார்ப்போம்.

பயம் முழுக்கப் பொய்யல்ல. ஜென்ரமைசின், அமிக்காசின் போன்ற ஊசி மருந்துகள் சிறுநீர் வழியாகவே உடலை விட்டு வெளியேறுகின்றன. அப்படிப் போகும்போது அவற்றின் ஒரு பகுதியைச் சிறுநீரகத்தின் நுண்குழாய்க் கலங்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. மருந்து அங்கே நாளுக்கு நாள் சேர்ந்து அந்தக் கலங்களைச் சிதைக்கிறது. பாதிப்பு பெரும்பாலும் 5 முதல் 7 நாட்களின் பின்னரே தெரியவரும். வன்கோமைசின், கொலிஸ்ரின் ஆகிய மருந்துகளுக்கும் சிறுநீரகத்தைப் பாதிக்கும் இயல்பு உண்டு. ஆனால் வெளிநோயாளர் பிரிவில் தரப்படும் அமொக்சிசிலின் போன்ற குளிசைகளால் ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரகம் பழுதாவது அரிது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜென்ரமைசினால் பாதிப்பு வந்தாலும் பலருக்குச் சிறுநீர் வழமைபோலவே போகும். "சலம் நல்லாய்ப் போகுது, பிரச்சினை இல்லை" என்று ஆறுதல் அடைய முடியாது. இரத்தத்தில் கிரியேற்றினின் அளவைப் பார்த்தால்தான் தெரியும். நேரத்தோடு கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சிறுநீரகம் சில வாரங்களில் மீண்டுவிடும்.

இனி மூலிகைக்கு வருவோம். தமிழகத்தில் சிறுபீளை என்றும், சிங்களத்தில் பொல்பலா என்றும் சொல்லப்படுவதே எங்கள் தேங்காய்ப்பூக்கீரை. ஜென்ரமைசின் ஏற்றப்பட்ட எலிகளுக்கு இதன் சாற்றைக் கொடுத்து இந்திய ஆய்வாளர்கள் 2004 இல் வெளியிட்ட ஆய்வு, பாதிப்பு குறைந்ததாகக் கூறுகிறது. நெருஞ்சில், மூக்கிரட்டை, கருஞ்சீரகம், உள்ளி, மஞ்சள் ஆகியவற்றிலும் எலிகளில் இதேபோன்ற முடிவுகள் கிடைத்திருக்கின்றன.

ஆனால் அந்த எலிகளுக்குக் கொடுத்தது ஆய்வுகூடத்தில் அளவு பார்த்துப் பிரித்தெடுத்த சாறு. நாங்கள் குடிப்பது ஒரு பிடி செடியை அவித்த தண்ணீர். எலி இளமையானது, வேறு வருத்தம் இல்லாதது. வார்ட்டில் படுத்திருப்பவரோ அநேகமாக முதியவர், நீரிழிவும் பிரஷரும் உள்ளவர். அன்ரிபயோட்டிக் எடுக்கும் மனிதரின் சிறுநீரகத்தை இந்த மூலிகை காக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை.

இயற்கையானது என்பதால் தீங்கு செய்யாது என்ற எண்ணமும் தவறு. கேரளத்தில் கொழுப்பைக் குறைக்கவென்று பிலிம்பிக்காய்ச் சாறு குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை 2013 இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். அதிலுள்ள ஒக்சலேற்று உப்பு சிறுநீரகத்தில் படிந்ததே காரணம். தமரத்தங்காயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட இருவரைப் பற்றி 2015 இல் பேராதனை மருத்துவர்கள் எழுதினர். 1990 களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக மூலிகைக் குளிசை எடுத்த பல பெண்களின் சிறுநீரகங்கள் நிரந்தரமாகப் பழுதாகின. அந்த மூலிகை எங்கள் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்தது. ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவருக்கு இளநீர்கூட ஆபத்தாகலாம். அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற முடியாமல் இரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பையே குழப்பிவிடும்.

பயத்தில் அன்ரிபயோட்டிக்கை இடையில் விட்டுவிடுவது இன்னும் பெரிய ஆபத்து. 2024 நவம்பர் இறுதியில் வந்த வெள்ளத்தின் பின்னர், டிசம்பரில் யாழ். மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நோயில் சிறுநீரகத்தைத் தாக்குவது கிருமிதான். அந்தக் கிருமியைக் கொல்லும் பெனிசிலினும் டொக்சிசைக்கிளினும் அங்கே சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள். காய்ச்சலோடு மூலிகைக் குடிநீரை நம்பி வீட்டில் கழிக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம்.

அப்படியானால் என்னதான் செய்யலாம்?

முதலாவது, தண்ணீர். உடலில் நீர் வற்றியிருக்கும்போதுதான் மருந்து சிறுநீரகத்தைக் கூடுதலாகப் பாதிக்கிறது. சித்திரை, வைகாசி வெய்யிலில் வயிற்றோட்டமோ வாந்தியோ இருந்தால் இன்னும் கவனம் தேவை. தண்ணீர், கஞ்சி, மோர், ஜீவனி ஆகியவை போதும். இருதய நோயாளரும், கால் வீக்கம் உள்ளவரும், சிறுநீரக நோயாளரும் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, நோவுக்கு டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்றவற்றைப் பாமசியில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. அன்ரிபயோட்டிக்கோடு சேர்ந்தால் பாதிப்பு கூடும். காய்ச்சலுக்கு உரிய அளவில் பரசிற்றமோல் போதும்.

மூன்றாவது, நீரிழிவு, பிரஷர், சிறுநீரகக் கல், முன்பு கூடியிருந்த கிரியேற்றினின் ஆகியவற்றை மருந்து எழுதும்போதே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள். மருந்தின் அளவையும் இடைவெளியையும் வைத்தியர் அதற்கேற்ப மாற்றுவார். ஊசி நாட்கணக்கில் தொடர்ந்தால், "கிரியேற்றினின் பார்த்தனீங்களோ?" என்று கேட்பதில் தவறில்லை.

நான்காவது, குடிக்கும் மூலிகையை மறைக்காதீர்கள். சித்த மருந்து எடுப்பதானால் பதிவு பெற்ற சித்த வைத்தியரிடம் போங்கள். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலையே இருக்கிறது. அங்கே எடுக்கும் மருந்தை ஆங்கில வைத்தியருக்கும், இங்கே போடும் ஊசியைச் சித்த வைத்தியருக்கும் சொல்லுங்கள்.

சுகமாக இருக்கும் ஒருவர் எப்போதாவது ஒரு கோப்பை தேங்காய்ப்பூக்கீரைத் தேநீர் குடிப்பதை நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் வார்ட்டில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பிளாஸ்கில் அதை நிறைத்துக்கொண்டு போகும் முன், அங்கிருக்கும் வைத்தியரிடம் ஒரு சொல் கேளுங்கள்.