கள்ளச்சாவிக்கு அலறும் பூட்டு

ரத்தத்தில் சுற்றிவரும் இயற்கைக் கொல்லி செல்கள், வைரஸ் புகுந்த செல்லை முன்பின் பார்த்திராமலேயே கொன்றுவிடும். நல்ல செல்லை மட்டும் எப்படி விட்டுவைக்கின்றன? 1986-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கிளாஸ் கார்ரே குழுவினர் இதற்கு வழிகாட்டினர். உடலின் அடையாளப் புரதங்களான எம்.எச்.சி.யைத் தாங்கிய செல்களைக் கொல்லிகள் தொடுவதில்லை. அதை இழந்தவற்றையே அழிக்கின்றன. அடையாளத்தைத் தொட்டறிந்து கொல்லியை அடக்கிவைக்கும் ஏற்பிகள் பின்னர் தெரியவந்தன.

கூடவே ஒரு புதிரும் வந்தது. அடக்கும் ஏற்பிகள் சிலவற்றுக்கு, வெளிமுகம் ஏறத்தாழ அச்சாக ஒத்த, ஆனால் செல்லைத் தூண்டிவிடும் ஜோடிகள் இருந்தன. வேறுபாடு செல்லின் உட்புறத்தில்தான். அடக்கும் ஏற்பியின் நீண்ட வால், எஸ்.எச்.பி.-1 போன்ற நொதிகளை அழைத்து, தூண்டல் சமிக்ஞைப் புரதங்களில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டுகளைக் கழற்றச் செய்கிறது. தூண்டும் ஏற்பியின் வாலோ குட்டையானது. தனியாக எதுவும் செய்யாது. சவ்வுக்குள் உள்ள அதன் நேர்மின்னூட்டத்தால் டாப்-12 என்ற புரதத்தோடு சேர்ந்து, பாஸ்பேட்டை ஒட்டும் நொதியை வரவழைக்கிறது.

ஒரே முகத்துக்கு எதிரெதிரான இரண்டு வேலை எதற்கு? எனக்குத் தெரிந்தவரை, மிக அழகான விடை எலிகளிடம் கிடைத்தது. எலிகளைத் தாக்கும் சைட்டோமெகலோ வைரஸ், எம்.எச்.சி.யின் வடிவத்தை ஒத்த எம்157 என்ற புரதத்தைச் செய்கிறது. 129 என்னும் எலி வகையில் அது எல்.ஒய்.49ஐ என்ற அடக்கும் ஏற்பியில் பொருந்துகிறது. கொல்லி அடங்கிப்போக அது வழிசெய்கிறது. வைரசுக்கு அது ஒரு கள்ளச்சாவி. சி57பிளாக்6 எலிகளிடமோ, அதே சாவி நுழைந்ததும் அலறும் பூட்டு இருக்கிறது: எல்.ஒய்.49ஹெச் என்ற தூண்டும் ஏற்பி. அதில் எம்157 ஒட்டியதும் கொல்லி பாய்கிறது. 2002-ல் இது வெளியானது. அந்த ஏற்பி இல்லாத பால்ப்-சி எலிகள் இந்த வைரசுக்கு எளிதில் இரையாகின்றன.

வைரசும் சும்மா இருப்பதில்லை. டி செல், பி செல் இல்லாத எலிகளில் எம்157 மரபணு பிறழ்ந்த வைரஸ்கள் தலைதூக்கியதை ஆய்வாளர்கள் கண்டார்கள்.

மனிதரிடமும் இதற்கு இணையானது உண்டு. என்.கே.ஜி.2ஏ அடக்கும், என்.கே.ஜி.2சி தூண்டும், இரண்டும் பற்றுவது எச்.எல்.ஏ.-இ என்ற ஒரே புரதத்தை. அடக்குவதன் பிடி பல மடங்கு இறுக்கமானது. நல்ல செல்கள் தப்புவதற்கு அது ஒரு காரணம். மனித சைட்டோமெகலோ வைரஸ் தன் யு.எல்.40 புரதத்தின் துண்டைக் கொடுத்து எச்.எல்.ஏ.-இ குறையாமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் இந்த வைரஸ் தொற்றியவர்கள் பலரிடம் என்.கே.ஜி.2சி தாங்கிய கொல்லிகள் பெருகி, நெடுங்காலம் நிலைக்கின்றன.

இந்த வைரசுக்கு இன்னும் அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இல்லை. கருவிலிருக்கும் குழந்தைக்குத் தொற்றினால் செவித்திறன் பறிபோகலாம். தடுப்பூசி முயற்சிகள் பெரும்பாலும் ஆன்டிபாடியையும் டி செல்லையுமே நம்பியிருக்கின்றன. இந்தக் கொல்லிகளையும் அவை கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.