ஊரின் திட்டத்தில் ஊராரின் குரல்

கூட்டுறவு அன்பர்களுக்குத் திருவள்ளூர் வட்டாரம் புதியதன்று. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த 1904-ஆம் ஆண்டிலேயே, இங்குள்ள திரூர் கிராமத்து விவசாயிகள் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்தனர். தனியொருவருக்குக் கிட்டாத கடன், பலர் கூடிப் பொறுப்பேற்றபோது கிட்டிற்று. அந்தப் பாடத்தை இன்று நிலத்தின் விஷயத்திலும் நாம் கைக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் வளர்ந்து நிற்கிறது. 2022-ஆம் ஆண்டில் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டபோது, கும்மிடிப்பூண்டியும் அதனுள் வந்தது. எந்த வயல் ஆலைக்கு, எந்த மேய்ச்சல் நிலம் மனைக்கு, எந்த ஏரிக்கரை சாலைக்கு என்பதெல்லாம் இனிப் பெருந்திட்ட வரைபடத்தில் வண்ணங்களாகக் குறிக்கப்படும். வண்ணம் காய்ந்தபின் முறையிடுவதைக் காட்டிலும், வரையும்போதே நம் கருத்தைக் கூறுவது நலம்.

அதற்கு இடமுண்டா எனின், உண்டு. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவுத் திட்டத்தின்மீது எவரும் எழுத்து மூலம் ஆட்சேபமும் யோசனையும் அனுப்பலாம். அதற்கு இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் தரப்பட வேண்டும். 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் கிராமத் திட்டத்துக்கு ஒப்புதல் தரும் உரிமையைக் கிராம சபைக்கு அளித்திருக்கிறது. நகர்ப்புறத்தாருக்கு 2022 முதல் பகுதி சபைகளும் உள்ளன.

இவ்வுரிமையைப் பயன்படுத்திய ஊரொன்று இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. பூவிருந்தவல்லி ஒன்றியத்துக் குத்தம்பாக்கத்தில், வேதிப் பொறியியல் கற்ற திரு. இளங்கோ ரங்கசாமி 1996-இல் ஊராட்சித் தலைவரானார். ஊருக்கு வேண்டுவன யாவை என்பதைக் கிராம சபையில் மக்களோடு பேசி, அவர் ஐந்தாண்டுத் திட்டம் வகுத்தார். கழிவுக் கருங்கற்களைக் கொண்டு வடிகால் கட்டியது விதிக்கு மாறானதென்று புகார் எழவே, பதவியினின்று தற்காலிகமாக நீக்கப்பட்டார். கிராம சபை அவர் பக்கம் நின்றது. மீண்டும் பதவி பெற்றார். தாழ்த்தப்பட்ட குடும்பமும் பிற வகுப்புக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகள் அவ்வூர்ச் சமத்துவபுரத்தில் எழுந்தன. தலைவர் தனித்து முடிவு செய்திருப்பின், சோதனை வந்த வேளையில் அவருக்குத் துணை நிற்க ஊர் முன்வந்திருக்குமோ?

எனினும், சபையில் தீர்மானம் நிறைவேற்றுவதால் மட்டும் பெருந்திட்டம் மாறிவிடாது. கூட்டத்தன்று வந்து கையொப்பமிட்டுச் செல்வதும் போதாது. முன்னதாகவே தெருவுக்கு இருவராகக் கூடி, ஏரி, வரத்துக் கால்வாய், சுடுகாட்டுப் பாதை, களம், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைப் புல எண்ணுடன் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். சாயக் கழிவு எங்கே வடிகிறது, பாவு ஓடத் தெருவில் இடமிருக்கிறதா என்பதை நெசவாளர் கூறட்டும். மடையின் நிலையை விவசாயி கூறட்டும். குடிநீருக்கு நடக்கும் தூரத்தைப் பெண்களே அறிவர். குத்தகைதாரரையும் காலனி மக்களையும் வாடகைக்குக் குடியிருக்கும் ஆலைத் தொழிலாளரையும் விட்டுவிட்டால், அது ஊர்க் குரலாகாது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களும் கிராம சபைக்குரியவை. பேசியவை தீர்மானப் புத்தகத்தில் ஏறினவா என்று பார்த்து, நகல் பெற்று, குறித்த காலத்துக்குள் திட்ட அலுவலகத்துக்கு அனுப்புவோமாக. மகாசபையில் வரவு செலவைக் கேட்டுப் பழகிய சங்க அங்கத்தினர்களுக்கு இது கடினமான காரியமன்று. சங்கக் கணக்கைக் கேட்கும் நாம், நம் ஊரின் நிலக்கணக்கையும் கேட்போம்.