ஓவர்க்ளாக் செய்யப் போறீங்களா? ஏர் கூலர் வாங்கும் முன்...
இன்டெல் கோர் ஐ5-13600கே பிராசஸர் டர்போ வேகத்தில் 181 வாட் வரை இழுக்கும். ஓவர்க்ளாக் செய்தால் அதையும் தாண்டும். வோல்டேஜை 10% கூட்டினாலே சூடு சுமார் 21% எகிறும். 100 டிகிரியைத் தொட்டால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் ஓவர்க்ளாக் செய்து என்ன பயன்?

ஒற்றை டவர் கூலர் திணறிவிடும். இரட்டை டவர்தான் சரி. ஆனால், நாக்டுவா என்ஹெச்-டி15 கூலரின் உயரம் 165 மி.மீ., எடை ஃபேன்களோடு 1.3 கிலோ. கேபினெட் கதவு மூடுமா, ஃபேன் ராமில் இடிக்குமா என்று அளந்து பார்த்துவிட்டே பணம் கட்டுங்க.

ஏர் கூலரால் அறை வெப்பநிலைக்குக் கீழே போகவே முடியாது. 22 டிகிரி ஏசி அறையில் 80 காட்டும் பிராசஸர், 37 டிகிரி மே மாத மதியத்தில் 95-ஐ நெருங்கிவிடும். ரிவ்யூ பார்க்கும்போது எந்த அறை வெப்பநிலையில் சோதித்தார்கள் என்பதையும் பாருங்க.