ஊர் வாய்க்கு என்ன மருந்து?

அச்சன்புதூர் போன்ற சிறிய ஊரில் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர் மாத்திரை வாங்கப் பஸ் ஏறினால், உள்ளே தெரிந்த முகம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். பக்கத்துச் சிகிச்சை மையத்தை விட்டுவிட்டு, தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் பெயர் பதிந்துகொள்பவர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவு வேறு. அந்த அலைச்சலில் மாத்திரை விட்டுப்போனால், அடங்கிக் கிடந்த கிருமி மறுபடி பெருகும்.

இத்தனைக்கும் சிகிச்சை இன்று எளிது. அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையங்களில் 2004 முதல் கூட்டு மருந்து இலவசம். இப்போது பெரும்பாலோருக்கு மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு முறை. தவறாமல் சாப்பிட்டால், பரிசோதனையில் தென்படாத அளவுக்கு வைரஸ் குறைந்துவிடும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கொசு கடிப்பதாலோ குற்றால அருவியில் ஒன்றாகக் குளிப்பதாலோ இது எக்காலத்திலும் பரவாது.

பிறகு ஏன் இந்தப் பயம்? 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக இத்தொற்று தெரியவந்தது. அவை பாலியல் தொழிலாளர்களின் மாதிரிகள். ஒழுக்கக்கேட்டு முத்திரை அன்றே ஒட்டிக்கொண்டது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விழிப்புணர்வு விளம்பரம் விஷயத்தைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோனது, சரி. கேலி பேசவும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. கணவனிடமிருந்து தொற்று வாங்கிய பெண்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். அவன் செத்ததும் பழி அவள் தலையில்.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது நினைவிருக்கும். இரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தொற்று தெரிந்ததும் தானாகவே தகவல் சொன்னவர். செய்தி நாடெங்கும் பரவியது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவரை வாழவைக்கும் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில்தான் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. வேலை, சிகிச்சை, பள்ளி, வாடகை வீடு எதையும் தொற்றைக் காட்டி மறுக்கக் கூடாது. சம்மதமில்லாமல் பரிசோதிக்கக் கூடாது. தொற்றுள்ளவர்கள் மீது வெறுப்பைத் தூண்டினால் 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. நல்ல சட்டம்தான், ஆனால் புகார் கொடுக்கப் போனாலே விஷயம் வெளியே வந்துவிடுமே என்று பயப்படுகிறவருக்கு அது எட்டாக்கனி. புகார்தாரரின் பெயரை மறைத்து வழக்கை நடத்தவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் தெரிந்தவர் யாரையாவது பார்த்தால், அதை ஊருக்குக் கொண்டுவராதீர்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம். நேரில் போகத் தயங்குவோர் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.