எடை குறைப்பு ஆபரேஷன்: டைரியை முன்பே தொடங்கச் சொல்வது ஏன்?

‘ராத்திரி 11.40. மூணு பரோட்டா, சால்னா. பசி: பத்துக்கு ரெண்டு. மேனேஜர் கால் முடிஞ்சு அரை மணி நேரம்.’

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கிவிட்டுக் காத்திருக்கும் ஒருவரின் மொபைலில் இப்படி ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கலோரி கணக்கு இல்லை, கிலோ கணக்கும் இல்லை. ஆனாலும் அன்றைய எடையைவிட இந்த வரி சொல்வது அதிகம். வயிறு கேட்கவில்லை, வேலை டென்ஷன் கேட்டது.

‘பேரியாட்ரிக் சர்ஜரி’ எனப்படும் இந்த அறுவை சிகிச்சை வயிற்றை மாற்றும். டென்ஷன் வந்தால் ஃபுட் டெலிவரி ஆப்பைத் திறக்கும் பழக்கத்தை மாற்றாது. டைரியின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

பரவலாகச் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ முறையில், இரைப்பையின் முக்கால் பாகம் அல்லது அதற்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுகிறது. ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’ முறையில், இரைப்பையின் மேல்பகுதியை சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பையாகப் பிரித்து, நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள்.

எந்த முறையானாலும் முதல் சில மாதங்களில் பசி குறைவாக இருக்கும். அரை இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும். எடையும் மளமளவென்று இறங்கும். ‘இனிமே எதுக்கு எழுதணும்?’ என்று தோன்றுவது அப்போதுதான்.

நினைவை ஏன் நம்ப முடியாது?

‘நான் சாப்பிடறதே கொஞ்சம்தான், ஆனா எடை குறையல.’ இப்படிச் சொன்னவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. அவர்கள் உண்மையில் சாப்பிட்டதைவிட சராசரியாக 47 சதவீதம் குறைவாகக் கணக்குச் சொல்லியிருந்தார்கள். உடற்பயிற்சியையோ 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. டீயோடு போன ரெண்டு பிஸ்கட்டும், குழந்தை மிச்சம் வைத்த தோசையும் யாருக்குத்தான் கணக்கில் நிற்கிறது?

2008-ல் வெளியான இன்னோர் ஆய்வில், எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த ஏறத்தாழ 1,700 பேர் கவனிக்கப்பட்டனர். தினமும் சாப்பாட்டைக் குறித்து வைத்தவர்களுக்கு, எதுவுமே எழுதாதவர்களைப் போல இரு மடங்கு எடை குறைந்தது. இவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அல்ல. எழுதும் பழக்கம் உள்ளவர்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருந்திருக்கலாம். அதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் என்ன எழுதுவது?

நேரம், சாப்பிட்டது, பசி பத்துக்கு எத்தனை, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. இந்த நான்கு போதும். இரண்டு, மூன்று வாரம் எழுதினாலே ஒரு பாணி தெரியும். சிலருக்கு ஞாயிறு சாயங்காலம், சிலருக்கு நைட் ஷிஃப்ட், சிலருக்கு அம்மாவோடு போனில் பேசி முடித்த நேரம். ஆபரேஷனுக்கு முந்தைய கவுன்சலிங்கில் ‘எப்ப அதிகமா சாப்பிடுவீங்க?’ என்று கேட்டால், நினைவைத் துழாவாமல் இதைக் காட்டலாம்.

முன்பு முயன்ற டயட்டுகளையும் மாதம், வருடத்தோடு எழுதி வைப்பது நல்லது. இதில் பண விஷயமும் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விதிப்படி, பாலிசியில் இந்தச் சிகிச்சைக்கு இடம் கிடைக்க பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35-ஐத் தொட்டிருந்து, கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா, இதய நோய் போன்றவை இருந்து, மற்ற எடை குறைப்பு வழிகள் பலனளிக்காமல் போயிருக்க வேண்டும். மருத்துவ வழிகாட்டுதலோ வேறு மாதிரி. 2022-ல் திருத்தப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5-லிருந்தே இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்கிறது. டாக்டர் ‘செய்யலாம்’ என்று சொன்னதாலேயே கிளெய்ம் வந்துவிடாது. டைரி மட்டுமே ஆதாரம் ஆகிவிடாது. ஆனால் எந்த வருடம் எந்த டாக்டர், எந்த டயட்டீஷியன் என்று தேடி ரிப்போர்ட்டுகளைச் சேர்க்க அதுதான் வழிகாட்டி.

இன்னொரு பக்கம், ‘இதை ஏன் செய்யறேன்’ என்பதற்கு. ‘ஆரோக்கியமா இருக்கணும்’ என்றால் போதாது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் நகர்ந்து உட்கார்வது, கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார முடியாதது, திருச்சி மலைக்கோட்டை ஏறும்போது எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்கியது. அந்த அளவுக்கு எழுத வேண்டும்.

முதல் ஆறு வாரம்: இது வேற டைரி

ஆபரேஷன் முடிந்ததும் மனசைப் பற்றி எழுதத் தெம்பு இருக்காது. தேவையும் இல்லை. தெளிந்த நீராகாரம், பிறகு கெட்டியான திரவம், கூழ், மசித்த உணவு என்று சாப்பாடு படிப்படியாக மாறும். அப்போது குறிக்க வேண்டியது எண்களைத்தான். எத்தனை மி.லி. குடித்தோம், எத்தனை கிராம் புரதம், சிறுநீர் எப்படி, காய்ச்சல் உண்டா. பெரும்பாலானோருக்கு இலக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் திரவமும் 60 கிராமுக்குக் குறையாத புரதமும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்பதால், சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கஷ்டம். சர்க்கரை, பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள் தினசரி அளவையும் எழுத வேண்டும். எடை குறையக் குறைய பழைய டோஸ் அதிகமாகிவிடும்.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், மூச்சுத்திணறல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி: இவை எழுதி வைத்துவிட்டு அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கும் விஷயங்கள் அல்ல. தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டாலும் அப்படித்தான். தயமின் என்கிற வைட்டமின் பி1 குறைந்து மூளையையே பாதிக்கலாம்.

பாயசம் செய்த வேலை

சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்பும்போது டைரி துப்பறிய ஆரம்பிக்கும். பாயசம் குடித்த அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வந்தால், அது ‘டம்பிங்’. இனிப்பு சட்டென்று சிறுகுடலுக்குள் இறங்கியதன் விளைவு. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து நடுக்கமும் மயக்கமும் வந்தால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நேரத்தை எழுதாவிட்டால் இரண்டும் ‘ஒரு மாதிரி இருந்துச்சு’ என்றே போய்விடும். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு முடி கொட்டுவது, பெண்கள் என்றால் மாதவிடாய்த் தேதி மாறுவது ஆகியவையும் குறிக்க வேண்டியவைதான். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் 12 முதல் 18 மாதங்களாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள்.

எடை மெஷினில் தினமும் நான்கு முறை ஏறி இறங்குவது மட்டும் வேண்டாம். வாரம் ஒரு முறை போதும். ஒவ்வொரு கவளத்தையும் எழுதியே ஆக வேண்டும் என்ற பதற்றமோ, எழுதும்போதெல்லாம் குற்றவுணர்ச்சியோ வந்தால், நோட்டை மூடி வைத்துவிட்டு உளவியல் நிபுணரிடம் பேசுவதுதான் சரி. மொபைலில் எழுதினால் லாக் போடுவதும் அவசியம். ‘எப்படி இவ்ளோ இளைச்சே?’ என்று எட்டிப் பார்க்க வீட்டிலும் ஆபீஸிலும் ஆள் உண்டு.

இரண்டாவது வருடம்

எடை பொதுவாக ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் நின்றுவிடும். பிறகு கொஞ்சம் ஏறுவதும் சகஜம். பசி திரும்பும். சிப்ஸ், ஐஸ்கிரீம் மாதிரியானவை வயிற்றில் நிற்காமல் நழுவிப் போவதால், சிறிய வயிறும் அவற்றைத் தடுக்காது. மதுவிலும் கவனம் தேவை. அமெரிக்காவில் 1,945 பேரிடம் நடந்து, 2012-ல் ஜாமா இதழில் வெளியான ஆய்வில், மதுப் பிரச்சினை ஆபரேஷனுக்கு முந்தைய வருடத்தைவிட இரண்டாவது வருடத்தில் கூடியிருந்தது. பைபாஸுக்குப் பிறகு மது வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. பி12 கையிருப்பு தீர்வதற்கும் காலம் பிடிக்கும் என்பதால், ‘மாத்திரையை நிறுத்தினேன், ஒண்ணும் ஆகலையே’ என்ற தைரியமும் இந்தச் சமயத்தில்தான் வரும். சத்து மாத்திரைகள் ஆயுள் முழுக்க என்பதை ரத்தப் பரிசோதனைத் தேதிகளோடு அதே நோட்டில் எழுதி வைக்கலாம்.

இந்தக் கட்டத்தில் நோட்டில் இன்னொரு வரி சேரலாம். ‘ராத்திரி 11.50. ஐஸ்கிரீம் ஒரு கப். பசி: பத்துக்கு ரெண்டு. அப்ரைசல் மெயில் வந்துச்சு.’ அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, இதையும் பழைய பரோட்டா வரியையும் சேர்த்து டாக்டரிடம் காட்டினால் போதும்.