கண்டங்களின் வேர்

மரத்தின் வேரைக் காண வேண்டுமாயின் மண்ணைத் தோண்டிப் பார்க்கலாம். ஒரு கண்டத்தின் வேரை எவ்வாறு காண்பது? ருஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1989ஆம் ஆண்டளவில் எட்டிய மிக ஆழமான துளையே 12 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டியதோடு நின்றது. பழைய கண்டங்களின் வேரோ 200 கிலோமீற்றர் வரை இறங்கி நிற்கின்றது.

தோண்ட இயலாத அவ்விடத்தை அறிய இயற்கையே நமக்கு ஒரு வழி வைத்திருக்கின்றது. சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களும், உலகெங்கும் வெட்டும் மின்னல்களும் பூமியின் காந்தப்புலத்தை ஓயாது அசைக்கின்றன. அவ்வசைவு நிலத்தினுள்ளே மெல்லிய மின்னோட்டங்களைத் தூண்டுகின்றது. காந்த மாற்றத்தையும் மின் மாற்றத்தையும் ஒருங்கே அளந்து ஒப்பிட்டால், கீழேயுள்ள பாறை மின்னைக் கடத்துமா, தடுக்குமா என்பது புலனாகும். விரைந்து துடிக்கும் அலை மேற்படையிலேயே அடங்கிவிடும். ஆயிரம் விநாடிக்கு ஒருமுறை துடிப்பதோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஆழத்துச் செய்தியைக் கொண்டுவரும். இம்முறைக்கு 1950இல் ருஷ்ய அறிஞர் டிகொனோவும், 1953இல் பிரெஞ்சு அறிஞர் கான்யாரும் அடிகோலினர்.

கனடாவின் வடமேற்கிலே 'சிலேவ்' எனும் பழம் நிலப்பகுதி உண்டு. ஏறத்தாழ 400 கோடி ஆண்டு வயதான அக்காஸ்டாப் பாறை அங்கேதான் உள்ளது. ஏரிகளின் அடியிலும் கருவிகளை இறக்கி அளந்த விஞ்ஞானிகள், 80 முதல் 100 கிலோமீற்றர் ஆழத்தில் தொடங்கி, மின்னை நன்கு கடத்தும் ஒரு படை இருப்பதாக 2001இல் அறிவித்தனர். வைரச் சுரங்கங்கள் உள்ள நிலத்தின் கீழேயே அது கிடப்பதுதான் வியப்பு! அது காரீயமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. பென்சிலின் காரீயமும் மோதிரத்து வைரமும் ஒரே கரியின் இரு வடிவங்களன்றோ? முன்னது மின்னைக் கடத்தும், பின்னது கடத்தாது. இன்னும் ஆழத்தில், மிகுந்த அழுத்தத்தில்தான் கரி வைரமாகின்றது.

மாணவர்கள் ஒன்றை மறத்தல் ஆகாது. வெப்பம், நீர், காரீயம் ஆகிய மூன்றுமே பாறையின் கடத்தும் ஆற்றலைக் கூட்டுவன. ஆதலால் மின்னளவை மாத்திரம் தீர்ப்புக் கூறிவிடாது. பண்டைய எரிமலைக் குழாய்கள் ஆழத்திலிருந்து வாரிக்கொண்டுவந்த பாறைத் துண்டுகளையும், நிலநடுக்க அலைகளையும் சாட்சிக்கு அழைத்தே விஞ்ஞானிகள் முடிவுக்கு வருகின்றனர்.

இவ்வளவு முயற்சியும் எதற்காக? மலைகள் தேய்ந்தன, கடல்கள் திறந்து மூடின. இப்பழம் நிலங்கள் மட்டும் பெரும்பாலும் சிதையாது நின்றதேன்? சிறிது நீர் சேர்ந்தாலே ஆழத்துப் பாறை நெகிழும். குளிர்ந்து வறண்ட வேரோ உறுதியாய் நிற்கும். மின்னையும் அதிகம் தடுக்கும். ஆகவே மின்தடையை அளப்பது, கண்டத்தின் ஆயுள் இரகசியத்தைத் தேடுவதேயாகும். நம் காலடியில் உள்ளதை அறிய வானத்தின் அசைவுக்குச் செவிசாய்க்க வேண்டியிருப்பது விந்தையிலும் விந்தையே!